இரவுக் கடைத்தெருவில் ஒலிம்பஸ் எக்ஸ்ஏ

பயணத்தில் தெருவோரச் சாப்பாட்டுக் கடைகளைக் கருப்பு வெள்ளை ஃபிலிமில் எடுக்க ஆசைப்படுபவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது ஒலிம்பஸ் எக்ஸ்ஏ. யோஷிஹிசா மைத்தானி வடிவமைத்து 1979-இல் வெளிவந்த கேமரா. வழக்கமான 35 மி.மீ. ரோல்தான் போட வேண்டும், ஆனால் எடை 225 கிராம்தான், சட்டைப் பையில் அடங்கிவிடும். லென்ஸை மறைத்திருக்கும் மூடியைப் பக்கவாட்டில் தள்ளினால் படம் எடுக்கத் தயார். இதில் இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் ரோலைப் போட்டுக்கொண்டு மலேசியாவின் பினாங்கில் உள்ள ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவிலும் கிம்பர்லி தெருவிலும் இரவு நேரங்களில் சுற்றினேன்.

அந்தத் தெருக்களில் வெளிச்சம் ஒரு சீராக இருக்காது. ஒரு வண்டியில் வெள்ளை எல்இடி, பக்கத்தில் பச்சை பூசிய டியூப் லைட், எதிரே சிவப்புப் பெயர்ப்பலகை. கலர் படத்தில் சாப்பிடுகிறவர் முகம் பாதி பச்சையாகவும் பாதி சிவப்பாகவும் விழும். கருப்பு வெள்ளையில் அந்தத் தொல்லை இல்லை. முகமும் கையும் ஆவியும் மட்டும் நிற்கும்.

கரியடுப்பில் சார் குவே தியாவ் நூடுல்ஸ் வதக்கும் ஒருவரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இடக்கையால் முட்டையை உடைத்து வாணலியில் விடுகிறார், வலக்கைக் கரண்டி நிற்பதே இல்லை. எண்ணெய் பட்டுத் தீ எழும்பும் நொடியில் அவர் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சமாகிறது. சற்றுத் தள்ளி நின்று எடுக்கும்போதும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடி மேலெழும்பும் எஸ்எல்ஆர் கேமராவின் சத்தம் இதில் கிடையாது. லென்ஸுக்குள்ளேயே இருக்கும் ஷட்டர் மெல்லிய டிக் ஒலியோடு முடித்துவிடுகிறது. பக்கத்து மேஜையில் சாப்பிடுகிறவருக்குக்கூடக் கேட்காது.

இருட்டில், ஃபோகஸ் பார்க்க உதவும் ரேஞ்ச்ஃபைண்டர் புள்ளி மங்கலாகத்தான் தெரியும். அதை நம்பிக்கொண்டிருந்தால் காட்சி போய்விடும். ஃபோகஸை 3 மீட்டரில் வைத்துவிடுங்கள். அபெர்ச்சர் 5.6 என்றால் சுமார் 2 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். முழுதும் திறந்து 2.8-இல் எடுத்தால் இரண்டரை மீட்டரிலிருந்து மூன்றே முக்கால் வரைதான். ஒரு சாப்பாட்டு மேஜைக்கு அது போதும்.

இதன் பெரிய குறை வேறு. ஃபிலிம் வேகம் 800-க்கு மேல் வைக்க முடியாது. ஷட்டர் ஸ்பீடை நாமே தேர்ந்தெடுக்கவும் வழியில்லை. கடைக்காரரின் தலைக்கு மேல் தொங்கும் வெறும் பல்பைப் பார்த்துவிட்டு மீட்டர் ஏமாந்துபோகும், முகம் கருத்துவிடும். அதற்கு மருந்து கேமராவின் அடியில் இருக்கிறது. அங்குள்ள சின்ன லீவரைத் திருப்பினால் ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் கூடும். ஷட்டர் ஸ்பீடு குறையும்தான். மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டால் ஆட்டம் இல்லாமல் எடுக்கலாம். வாணலியில் சுழலும் கை கொஞ்சம் கலங்கி வருவது எனக்குப் பிடித்தும் இருக்கிறது.

எச்பி5 பிளஸ் பெட்டியில் போட்டிருப்பது 400. நான் 800 என்று வைத்து எடுத்தேன். கழுவும்போது நேரத்தை நீட்ட வேண்டும்: ஐடி-11 டெவலப்பரைத் தண்ணீர் கலக்காமல், 20 டிகிரி செல்சியஸில் பத்தரை நிமிடம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் அந்தச் சூட்டில் வராது, ஐஸ் கட்டி வைத்துத்தான் குளிர வைக்க வேண்டும். மணிமணியான கிரெய்ன் கொஞ்சம் கூடுகிறது, ஆனால் இருண்ட மூலையில் கிடக்கும் நாற்காலியின் கால்வரை தெரிகிறது.

விமான நிலையத்தில் மட்டும் கவனம் வேண்டும். புதிய சிடி ஸ்கேனர்கள் ஃபிலிமைப் புகைமூட்டம் போட்டதுபோல் ஆக்கிவிடும். ரோல்களைத் தனிப் பையில் வைத்து, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பினாங்கில் நமக்கு இன்னொரு வசதி உண்டு. காவடித் தண்டில் சோறும் குழம்பும் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்கள் உண்டாக்கியது நாசி கண்டார். அந்தக் கடைகளில் இன்றும் தமிழ் கேட்கும். “அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்றேன். “சோறு வாங்கிட்டு எடுங்க தம்பி” என்றார் குழம்பு ஊற்றுகிறவர். கேட்டு எடுத்த படங்களில்தான் முகங்கள் நன்றாக வந்திருக்கின்றன.

சாப்பாட்டையே காட்ட வேண்டுமென்றால் இந்தக் கூட்டணி உதவாது. அசாம் லக்சா நூடுல்ஸ் குழம்பின் சிவப்பும் புதினாவின் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். அதற்குக் கைபேசி போதும். சாப்பிடுகிற, சமைக்கிற மனிதர்களை எடுக்க இதைவிடச் சிறிய, அமைதியான துணை எனக்குத் தெரிந்து இல்லை.

எக்ஸ்ஏ உற்பத்தி 1985-இல் நின்றுவிட்டது, இனி பழையதுதான் கிடைக்கும். வாங்கும்முன் இரண்டு எல்ஆர்44 பேட்டரி போட்டு, வியூஃபைண்டரில் ஷட்டர் ஸ்பீடு முள் வெளிச்சத்துக்கேற்ப ஏறி இறங்குகிறதா, சிவப்புப் பொத்தான் தொட்டவுடன் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பேட்டரி தீர்ந்தால் ஷட்டர் இயங்காது, அதனால் பயணத்தில் ஒரு ஜோடி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.