ஓவன் காய்ல்: கோல் அடித்தவர் வளர்த்த அணிகள்

2025 ஜூலையில் தலைமைப் பயிற்சியாளர் ஓவன் காய்ல் சென்னையின் எஃப்சி கால்பந்து அணியை விட்டு விலகினார். அதற்கு முந்தைய இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) பருவத்தில் அணி பிடித்திருந்தது 13 அணிகளில் 11ஆவது இடம். அந்த ஒரு எண்ணை வைத்தே அவர் கணக்கைப் பலர் முடித்துவிட்டார்கள். இது நியாயமில்லை. அவர் ஆடி வந்த பாதையையும் சேர்த்துப் பார்த்தால்தான் சென்னையில் எது பலித்தது, எது பிசகியது என்பது பிடிபடும்.

அவர் பிறந்த ஊர் தூத்துக்குடிக்கு அந்நியமானதல்ல. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் 1966 ஜூலை 14 அன்று பிறந்தார். உலகுக்கெல்லாம் தையல் நூல் விற்ற ஜே அண்ட் பி கோட்ஸ் கம்பெனியின் ஊர் அது. நம் ஊர்க் கோரல் மில்லை நடத்திய ஹார்வி சகோதரர்களும் ஸ்காட்லாந்துக்காரர்கள்தான். 1908 பிப்ரவரி 27 அன்று தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியதும், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னே நின்றதும் அந்த மில்லில்தான். ஹார்விகளின் மதுரா மில்ஸ் 1974இல் கோட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த அந்த மேற்கு ஸ்காட்லாந்தில் பிள்ளைகளுக்குக் கால்பந்துதான் எல்லாம். காய்லின் பெற்றோர் அயர்லாந்தின் டோனகல் பகுதிக்காரர்கள். அந்த உரிமையில் 1994இல் நெதர்லாந்துக்கு எதிராக அயர்லாந்துச் சட்டை போட்டு ஒரே ஒரு சர்வதேச ஆட்டம் ஆடினார். ஒரு காலைக் கொழும்பிலும் ஒரு காலை இங்கேயும் வைத்து வாழ்ந்த குடும்பங்களைப் பார்த்த கடற்கரைக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமில்லை.

ஆட்டக்காரராக அவர் முன்கள வீரர். டம்பார்டன், கிளைட்பேங்க், ஏர்ட்ரி என்று சின்ன அணிகளில் கோல் அடித்தே மேலே வந்தவர். பெரிய பெயர் வாங்கித் தந்தது போல்டன். 1995இல் வெம்ப்ளியில் நடந்த பிளே-ஆஃப் இறுதியில் ரெடிங் அணி 2-0 என்று முன்னிலையில் இருந்தது. போல்டனின் முதல் கோலை அடித்து ஆட்டத்துக்கு உயிர் கொடுத்தவர் காய்ல். கூடுதல் நேரத்தில் போல்டன் 4-3 என்று வென்று பிரீமியர் லீக்குக்குப் போனது. அடுத்த ஆண்டு டண்டீ யுனைடெட் சட்டையில் பார்ட்டிக் திஸிலுக்கு எதிரான பிளே-ஆஃபில், அதுவும் கூடுதல் நேரத்தில், அணியை மேல் பிரிவுக்குக் கொண்டுபோன கோலும் அவருடையதே. முடிவுக்குச் சில நிமிடங்களே இருக்கும்போது கோலைத் தேடி ஓடுகிற இந்தக் குணத்தைத்தான் பின்னாளில் தன் அணிகளுக்கும் பழக்கினார். அவருடைய பலம் அது. பலவீனமும் அதிலேயே இருந்தது.

ஆடிக்கொண்டே கற்பிக்கத் தொடங்கியவர் அவர். 2003இல் ஃபால்கர்க்கில் ஜான் ஹியூஸோடு சேர்ந்து இணை மேலாளர். 2005இல் செயின்ட் ஜான்ஸ்டன் அணி முழுப்பொறுப்பைத் தந்தது. இரண்டாம் பிரிவில் ஆடிய அந்த அணி 2006இல் ரேஞ்சர்ஸின் சொந்த மைதானமான ஐப்ராக்ஸுக்குப் போய் லீக் கோப்பை ஆட்டத்தில் 2-0 என்று ஜெயித்துத் திரும்பியது. 2007 நவம்பரில் பர்ன்லி அழைத்தது.

பர்ன்லிதான் அவருடைய உச்சம் என்பேன். பணம் இல்லாத கிளப், சின்ன ஊர். 2008-09 லீக் கோப்பையில் செல்சியையும் ஆர்சனலையும் வெளியேற்றிவிட்டு அரையிறுதிவரை போனார்கள். அங்கே டாட்டன்ஹாமிடம் இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் 4-6 என்று தோற்றார்கள். 2009 மே 25 அன்று பிளே-ஆஃப் இறுதியில் வேட் எலியட் அடித்த ஒரே கோலில் ஷெஃபீல்ட் யுனைடெட்டை வென்று, 33 ஆண்டுகளுக்குப் பிறகு பர்ன்லி முதல் பிரிவுக்குத் திரும்பியது. அதே ஆகஸ்டில் சொந்த மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டை ராபி பிளேக்கின் கோலில் 1-0 என்று வீழ்த்தியது.

2010 ஜனவரியில், பருவத்தின் நடுவிலேயே, அவர் பழைய அணியான போல்டனுக்குப் போய்விட்டார். பர்ன்லி ரசிகர்கள் அவரை யூதாஸ் என்று ஏசினார்கள். அந்தப் பருவ முடிவில் பர்ன்லி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு ஊரே நம்பி நிற்கிறபோது பாதியில் போவதை ஒப்பந்தம் அனுமதிக்கலாம், ரசிகன் அனுமதிக்கமாட்டான்.

போல்டனில் ஒரு நாள் மட்டும் கால்பந்தைவிடப் பெரியது. 2012 மார்ச் 17, டாட்டன்ஹாம் மைதானம், எஃப்ஏ கோப்பைக் காலிறுதி. போல்டனின் இளம் வீரர் ஃபேப்ரிஸ் முவாம்பா களத்திலேயே இதயம் நின்று விழுந்தார். 78 நிமிடங்கள் அவர் இதயம் தானாகத் துடிக்கவில்லை. காய்ல் அவரோடு மருத்துவமனைக்குப் போனார். முவாம்பா பிழைத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து, கடைசி நாள் ஆட்டத்தில் ஸ்டோக்கோடு 2-2 என்று சமன் செய்து, போல்டன் பிரீமியர் லீக்கை விட்டு வெளியேறியது. அந்த அக்டோபரில் காய்லின் வேலையும் போனது. அதன்பின் விகன், அமெரிக்காவின் ஹூஸ்டன், பிளாக்பர்ன், ராஸ் கவுண்டி என்று எங்கும் நிலைக்கவில்லை.

இந்த அலைச்சலில் பெரும்பகுதி அவர் பக்கத்தில் நின்றவர் சாண்டி ஸ்டூவர்ட், ஏர்ட்ரி காலத்துச் சக ஆட்டக்காரர். 1961இல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த நம் தூத்துக்குடிக் கடலில் மூழ்குபவனுக்குக் கயிறு பிடிப்பவன் மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள். தங்கச்சி தாலிக்காக அவன் கயிற்றை விடமாட்டான். ஸ்டூவர்ட் அப்படிக் கயிறு பிடித்தவர். தலைமைப் பயிற்சியாளரைப் பற்றி எழுதுகிற நாம் துணைப் பயிற்சியாளரை மறந்துவிடுகிறோம்.

2019 டிசம்பரில் காய்ல் சென்னைக்கு வந்தபோது அணியின் கையில் 6 ஆட்டங்களில் 5 புள்ளிகள். முந்தைய பயிற்சியாளர் ஜான் கிரெகரி விலகியிருந்தார். புதிதாக ஒரு படையையே வாங்கி வர நேரமில்லை. இருந்த ஆட்களையே எடுத்துக்கொண்டு, அணியின் ஆட்டத்தை எதிரணிப் பாதிக்குள் தள்ளினார். பந்தை இழந்த இடத்திலேயே விரட்டிப் பிடிப்பது, பிடித்த கையோடு முன்னே அனுப்புவது. நடுக்களத்தில் கிரிவெல்லாரோவுக்குச் சுதந்திரம், ஓரத்தில் சாங்டேயின் வேகம், நடுவில் முடித்துவைக்க வால்ஸ்கிஸ். நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல்களோடு தங்கக் காலணியை வாங்கினார். அணி நான்காவது இடம் பிடித்து அரையிறுதிக்குள் நுழைந்தது. லீக் பட்டியலில் முதலிடம் பிடித்த எஃப்சி கோவாவைச் சென்னையில் 4-1 என்று அடித்தது. கோவாவில் 2-4 என்று தோற்றும் மொத்தத்தில் 6-5 என்று தப்பியது. இறுதி ஆட்டம் 2020 மார்ச் 14 அன்று, கொரோனா அச்சத்தால் ரசிகர்கள் இல்லாத ஃபத்தோர்தா மைதானத்தில். ஏடிகே 3-1 என்று கோப்பையைக் கொண்டுபோனது. குமரிக் கடற்கரையின் இரவிபுத்தன்துறை தந்த மைக்கேல் சூசைராஜ் அந்தப் பருவத்தில் ஏடிகே அணியில் இருந்தார் என்பதைத் தென்கடற்கரை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

அந்த 6-5ஐயும் பர்ன்லி கால 4-6ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆள் மாறினாலும் நாடு மாறினாலும் காய்லின் அணி நிறைய அடிக்கும், நிறைய வாங்கும். முன்கள வீரனின் கண்ணோடு ஆட்டத்தைப் பார்ப்பவர் அவர். முன்னே தரமான இருவர் கிடைத்தால் அந்தப் பார்வை கோப்பை தரும்; கிடைக்காவிட்டால் பின்னால் இருக்கிற ஓட்டை மட்டும் தெரியும்.

ஜாம்ஷெட்பூர் அணி இதற்குச் சாட்சி. 2020இல் வால்ஸ்கிஸையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார்; முதல் பருவம் சுமார். இரண்டாவது பருவத்தில் ஸ்காட்லாந்தின் கிரெக் ஸ்டூவர்ட் வந்து 10 கோல் அடித்தார், 10 கோலுக்கு வழி செய்தார். பின்னால் பீட்டர் ஹார்ட்லியும், சென்னையில் காய்லோடு இருந்த எலி சாபியாவும் நின்றார்கள். 2022 மார்ச் 7 அன்று ஏடிகே மோகன் பகானை 1-0 என்று வென்று 43 புள்ளிகளோடு லீக் கேடயத்தை எடுத்தார்கள். காய்லின் வாழ்க்கையில் தற்காப்பும் தாக்குதலும் சம எடையில் நின்ற அபூர்வமான பருவம் அது. அதற்குத் தொடர்ச்சி இல்லை. அவர் ஊருக்குத் திரும்பி குவீன்ஸ் பார்க் அணியை ஏற்றார்.

2023இல் மறுபடி சென்னை. இம்முறை யாரோ சேர்த்துவைத்த அணியைத் தூக்கிவிடுகிற வேலை அல்ல, தானே அணி கட்டுகிற வேலை. முதல் ஆண்டு அணி ஆறாவது இடம் பிடித்து, நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு பிளே-ஆஃபுக்குள் நுழைந்து, கோவாவிடம் 1-2 என்று தோற்றது. அடுத்த ஆண்டு 11ஆவது. குவீன்ஸ் பார்க்கில் அவரிடம் ஆடிய கானர் ஷீல்ட்ஸ் ஓடி ஓடி வாய்ப்புகளை உண்டாக்கினார். ஆனால் முடித்துவைக்க இன்னொரு வால்ஸ்கிஸ் இல்லை, பின்னால் பூட்டும் இல்லை. பருவ நடுவில் விழுந்து கிடக்கும் அணியை நிமிர்த்த காய்லைவிட நல்ல ஆள் ஐஎஸ்எல்லில் குறைவு. ஆண்டுக்கணக்கில் அடித்தளம் போட அவர் ஏற்ற ஆள் அல்ல. என் தீர்ப்பு இதுதான்.

அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, ஆடும்போதே பயிற்சியாளராகத் தொடங்கிய அந்த வழக்கத்தை. நம் மாவட்டத்தில் ஹாக்கிக்குக் கோவில்பட்டி இருக்கிறது. கால்பந்தில் முப்பது வயது தாண்டி முழங்கால் போனவன் ஏதோ ஒரு வேலையில் ஒதுங்கிவிடுகிறான்; அவன் கற்றதெல்லாம் அவனோடு போகிறது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு டி நிலைப் பயிற்சியாளர் உரிமம் தருகிறது. அந்த உரிமத்துக்கான பயிற்சி முகாமைத் தூத்துக்குடியின் தருவை மைதானத்தில் ஆண்டுதோறும் நடத்த மாவட்டக் கால்பந்துச் சங்கமும் துறைமுக நிர்வாகமும் முன்வர வேண்டும். மணப்பாடு முதல் வேம்பார் வரை கடற்கரை ஊர்களில் இன்றும் ஆடிக்கொண்டிருக்கிற மூத்த வீரர்களைத்தான் அதில் முதலில் சேர்க்க வேண்டும்.