பொன்முகக் கிதார்

1952-இல் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ ஆலையிலிருந்து கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் கிதார் பொன்முகத்தோடு வெளிவந்தது. அது பொன்னல்ல, நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரில் கலந்த வெண்கலத் தூள்.

இந்த மெட்டாலிக் பூச்சை அடிப்பவரின் கையைத்தான் பார்க்க வேண்டும். தூள் அடியில் தங்கிவிடும் என்பதால் ஸ்ப்ரே கன்னின் கப்பை அடிக்கடி ஆட்டிக்கொள்வார். விளிம்புக்கு வெளியிலேயே பீய்ச்சத் தொடங்கி, மறு விளிம்பைத் தாண்டித்தான் விரலை எடுப்பார். ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூடும். ஈரம் கூடினால் துகள்கள் நகர்ந்து திட்டுத் திட்டாகிவிடும். அதனால் கடைசிச் சுற்றைச் சற்றுத் தள்ளி நின்று, பனி இறங்குவதுபோல் மெல்லத் தூவுவார். அதன்மேல் உப்புத்தாள் படவே கூடாது. பட்டால் துகள் அறுபட்டு மினுமினுப்பு போய்விடும். தேய்ப்பதும் மெருகேற்றுவதும் மேலே வரும் நிறமற்ற லாக்கரில்தான்.

அந்த மேல்பூச்சு தேய்ந்த பழைய கிதார்களில், முன்கை உராய்ந்த இடம் களிம்பேறிப் பச்சையாகியிருக்கும். அதைப் பழுதென்று மறுபூச்சு அடிப்பதை என்னால் ஏற்கவே முடியாது. வாசித்தவரின் கை எங்கே சாய்ந்திருந்தது என்பதை அந்தப் பச்சை அப்படியே காட்டுகிறது.