‘லடர் 49’: காப்பாற்றப்படாத ஒருவனின் கதை

வணிகத் திரைப்படத்துக்கு எதிராக நாம் நெடுங்காலமாகக் கூறிவரும் குற்றச்சாட்டுக்களுள் தலையாயது, அது தன் கதைகளை எவ்வாறேனும் சுபமாக முடித்துவிடுகின்றது என்பதாகும். நம் நாட்டுக்கூத்திலும் மங்களம் பாடித்தான் முடிப்பர். ஆயின் அது ஆடியவர்க்கும் பார்த்தவர்க்கும் ஊருக்கும் உரிய வாழ்த்து. விடியும்வரை அரங்கிலே நிகழ்ந்த சாவையும் பிரிவையும் அது இல்லாமற் செய்துவிடுவதில்லை. திரையில் தோன்றும் ‘சுபம்’ என்ற சொல்லோ கதைக்குள்ளேயே நுழைந்து, இரண்டரை மணி நேரமாக எழுப்பப்பட்ட வினாக்களையெல்லாம் துடைத்துவிட்டுச் செல்வது. ஆகவே சுபமாக முடிய மறுக்கும் ஒரு படம், அதுவும் ஹொலிவூட்டிலிருந்து, அதுவும் வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் கிளையொன்றினால் வெளியிடப்பட்ட படம் கைக்குக் கிடைக்கும்பொழுது, நம்மவர் அதனை உடனே யதார்த்தத்தின் பக்கம் சேர்த்துவிட விரும்புவது இயல்பே. அவ்வாறு சேர்ப்பது எவ்வளவு தூரம் சரியானது என்பதே இங்கு நம் வினா.

2004ஆம் ஆண்டு வெளிவந்த ‘லடர் 49’ என்ற படத்தை நெறிப்படுத்தியவர் ஜே ரசல். திரைக்கதை லூயிஸ் கொலிக் எழுதியது. களம் அமெரிக்காவின் பால்ரிமோர் நகரம். ஜக் மொரிசன் என்ற தீயணைப்பு வீரனாக வாக்கீன் பீனிக்சும், அவனுடைய தலைவர் மைக் கென்னடியாக ஜோன் ட்ரவோல்டாவும் நடித்துள்ளனர். தலைப்பிலுள்ள ‘ஏணி’ ஜக் பணியாற்றும் வண்டியின் பெயர். அமெரிக்கத் தீயணைப்புப் படைகளிலே நீர் பாய்ச்சும் வண்டியினர் ஒரு பிரிவினர். ஏணி வண்டியினர் இன்னொரு பிரிவினர். உள்ளே அகப்பட்டோரைத் தேடி மீட்பது பின்னவர் வேலை. நீர்க்குழாயைக் கையிற் பிடித்தவனுக்குத் தீயின் முன்னே ஓர் ஆயுதமேனும் உண்டு. தேடிச் செல்பவனுக்கு அதுவும் இல்லை.

கதை தீயிலேதான் தொடங்குகின்றது. பெரியதொரு தானியக் களஞ்சியம் எரிகின்றது. உயர்ந்த தளமொன்றில் அகப்பட்டிருந்த ஒருவனை ஜக் கயிற்றிற் கட்டி வெளியே இறக்கிவிடுகின்றான். அவன் உயிர் தப்புகின்றான். அடுத்த கணம் நிலம் பிளந்து ஜக் கீழ்த்தளங்களுக்கு விழுந்து, இடிபாடுகளுக்கிடையே தனித்துக் கிடக்கின்றான். அங்கிருந்து கதை இரு தடங்களிற் செல்கின்றது. ஒன்று, வெளியே நின்று கென்னடி நடத்தும் மீட்பு முயற்சி. மற்றது, ஜக்கின் நினைவில் விரியும் பத்தாண்டு வாழ்வு: வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் குடிகாரனாக நடித்த தலைவரும் குருவானவராக நடித்த தோழனும் அவனுக்குக் காட்டிய வேடிக்கை, லிண்டாவைச் சந்தித்தது, திருமணம், குழந்தைகள், கூரை இடிந்து மாண்ட தோழன் டெனிஸ், நீராவியில் முகம் வெந்த ரொமி.

இவ்விரு தடங்களையும் பின்னியுள்ள முறையில் ஒரு தந்திரம் இருக்கின்றது. ஒவ்வொரு நினைவுக்குப் பின்னும் மீட்போர் இன்னுஞ் சற்று நெருங்கி வருகின்றனர். நூறு படங்களைப் பார்த்துப் பழகிய நம் மனம், ‘கடைசி நிமிடத்தில் கை நீளும்’ என்று கணக்குப் போட்டுக்கொள்கின்றது. நினைவுகளை நாம் ஒரு வாழ்வின் முன்னுரையாகப் பார்க்கின்றோம். அவை இரங்கலுரை என்பதை மிகப் பிந்தியே உணர்கின்றோம். கென்னடி வானொலிக் கருவியில் வழி சொல்கின்றார். ஜக் சுவரை உடைத்துக்கொண்டு அவர் சொன்ன அறைக்குச் சென்று சேர்கின்றான். அங்கே வெளியேற வழியில்லை, தீதான் இருக்கின்றது. தன்னைத் தேடி வருவோரைத் திருப்பி அழைத்துக்கொள்ளும்படி அவன் கேட்கின்றான். கென்னடி மறுக்கின்றார், பின்பு இசைகின்றார்.

படத்தின் உயிர் இந்தக் காட்சியிலேதான் உள்ளது என்பது நம் கருத்து. இதனை வெறும் தியாகம் என்று கூறிவிட்டால் இதன் கனம் குறைந்துவிடும். தியாகம் தனி ஒருவனின் பெருமை. இங்கு நிகழ்வதோ ஒரு தொழிலைச் சேர்ந்தவர் தமக்குள் செய்துகொள்ளும் கணக்கு. உள்ளே கிடப்பவன் அந்தத் தொழிலை அறிந்தவன். எத்தனை பேர் எவ்வளவு நேரம் உள்ளே நிற்கலாம் என்பது அவனுக்குத் தெரியும். வெளியே நிற்பவரும் அதே வேலையைச் செய்து உயர்ந்தவர். இருவரும் ஒரே கணக்கைப் போட்டு ஒரே விடைக்கு வருகின்றனர். அந்த விடையை வாயினாற் சொல்ல வேண்டியவர் கென்னடி. ட்ரவோல்டாவின் முகம் அவ்வேளையில் ஒன்றுமே செய்யாமலிருப்பது, அந்த நடிகரிடமிருந்து நாம் எதிர்பாராத அடக்கம்.

இது கற்பனையில் மட்டும் நிகழக்கூடியதன்று. 1999ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆந் திகதி, மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் கைவிடப்பட்டுக் கிடந்த குளிர்க் களஞ்சியமொன்று எரிந்தது. பெரும்பாலும் சாளரமே இல்லாத அந்த ஆறுமாடிக் கட்டிடத்தில் வீடற்றோர் தங்கியிருக்கக்கூடும் என்று கேள்வியுற்றுத் தேடிச் சென்ற இருவர் புகையில் வழி தவறினர். அவர்களைத் தேடிச் சென்ற நால்வரும் திரும்பவில்லை. மேலும் பலர் உள்ளே செல்லத் துடித்து நின்றபொழுது, பொறுப்பிலிருந்த அதிகாரி வாயிலை மறித்து நின்று, இனி ஒருவரும் போகக்கூடாதெனத் தடுத்தார். உள்ளே கிடந்த ஆறு பேரும் அவருடைய ஆட்கள். ‘லடர் 49’ அந்த நிகழ்ச்சியின் கதையன்று. ஆயினும் அந்த வாயிலில் நின்றவரை அறிந்தோர், கென்னடியின் தயக்கத்தை மிகையென்று கூறமாட்டார்.

இதுவரை கூறியவற்றாற் படம் முழுவதையும் நாம் ஏற்றுக்கொண்டோம் என்று எவரும் கருதவேண்டியதில்லை. நாயகன் இறந்தால் அது யதார்த்தம், பிழைத்தால் அது கனவு என்ற எளிய வாய்பாடு நம் விமரிசனத்தில் வேரூன்றிவிட்டது. இதனை நம் தமிழ்ப் படங்களே பொய்யாக்குகின்றன. சாதி மாறிக் காதலித்தவள், கைம்பெண்ணாயிருந்து மறுமணத்தை விரும்பியவள், ‘கெட்டுப்போனவள்’ என்று ஊராற் பெயர் சூட்டப்பட்டவள், இவர்கள் எத்தனை பேர் கடைசிச் சுருளில் விஷமருந்தியும் குண்டடிபட்டும் மாண்டுபோயினர்! அப்படங்களைப் பார்த்து நாம் அழுதோம். ஆனால் அச்சாவுகள் யாருக்கு வசதியாக அமைந்தன? அவள் உயிரோடிருந்தால் ஊர் ஒரு விடை சொல்லியாக வேண்டும்; கதாசிரியரும் சொல்லியாக வேண்டும். சாவு இருவரையும் காப்பாற்றியது. துன்ப முடிவும் ஒரு வகைச் சுபமாக இருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்த அளவுகோலை ‘லடர் 49’க்கும் வைத்துப் பார்ப்போம். படத்தின் நடுப்பகுதியில் உண்மையான ஒரு முரண்பாடு எழுகின்றது. குழந்தைகள் வளர்கின்றனர், லிண்டாவின் அச்சமும் வளர்கின்றது. மேசை வேலையொன்றைத் தருவதாகக் கென்னடி கூறுகின்றார். ஜக் மறுத்துவிடுகின்றான். ஏன் மறுக்கின்றான்? தொழிலின் மீதுள்ள பற்றா, தோழர் மீதுள்ள கடப்பாடா, ஆண்மை பற்றிய அவ்வூர்க் கருத்தா, வேறொரு வாழ்வைக் கற்பனை செய்யவே இயலாமையா? இவற்றுள் எதுவாயினும் அதனைத் துருவிச் செல்லப் படத்துக்கு இரண்டு நல்ல காட்சிகள் போதும். அவை எழுதப்படவில்லை. லிண்டா கவலைப்படுகின்றாள், சமாதானமடைகின்றாள், மீண்டும் கவலைப்படுகின்றாள். கென்னடி வீட்டுக்கு வரும்பொழுது அவர் வாய் திறக்குமுன்னரே அவளுக்குச் செய்தி விளங்கிவிடுகின்றது. ஜெசிந்தா பரெற் அதனை நன்றாகவே நடித்துள்ளார். எனினும் அவள் கேட்டிருந்த கேள்விக்கு ஜக் இனி விடை சொல்ல வேண்டியதில்லை. படமும் சொல்ல வேண்டியதில்லை.

இதனிலும் பெரிய மௌனம் ஒன்றுண்டு. அந்தக் களஞ்சியம் ஏன் எரிந்தது? தானியத்தைச் சேமிக்கும் இடத்தில் எழும் தூசி காற்றில் நிறைந்திருக்கும்பொழுது ஒரு பொறி போதும். வெடிமருந்தைப் போல வெடிக்கும். 1977 டிசெம்பரில் லூசியானா மாநிலத்து வெஸ்ற்வீகோவில் அவ்வாறு வெடித்த களஞ்சியமொன்றில் 36 பேர் மாண்டனர். சில நாட்களுள் ரெக்சஸ் மாநிலத்துக் கால்வெஸ்ரனிலும் அதே வகை வெடிப்பு நிகழ்ந்தது. தூசியைக் கூட்டி அகற்ற வேண்டும் என்பது உட்பட, தானியக் களஞ்சியங்களுக்கான பாதுகாப்பு விதிகளை அமெரிக்க மத்திய அரசு வெளியிட்டது 1987இன் இறுதியில். கூட்டிப் பெருக்குவதற்கு ஒரு சட்டம் வரப் பத்தாண்டு பிடித்தது! ஆகவே தானியக் களஞ்சியத்தில் எழும் தீ வானத்திலிருந்து விழுந்த விதியன்று. அதற்கு ஓர் உரிமையாளன் உண்டு, ஒரு செலவுக் கணக்கு உண்டு, மீறப்பட்ட அல்லது மீறப்படாத ஒரு விதி உண்டு. படத்தில் இவற்றுள் எதுவும் இல்லை. தீ வருகின்றது, மனிதர் போகின்றனர்.

பால்ரிமோரைத் தெரிந்தெடுத்தவர்கள் அந்நகரைப் பற்றியும் ஒன்றுமே கூறாதிருப்பது வியப்பே. 1950இல் ஏறத்தாழ 9,50,000 பேர் வாழ்ந்த நகரம், 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 6,51,000 பேராகச் சுருங்கியிருந்தது. உருக்கும் கப்பற்றுறையும் சார்ந்த வேலைகள் அழிய அழிய, வரிசை வரிசையாக வீடுகள் பாழடைந்தன. ஆளற்ற வீடுகளும் ஆளற்ற ஆலைகளும் எரிவதற்கென்றே நிற்பன. தீயணைப்பு வீரனொருவன் பத்தாண்டு காலம் இத்தகைய நகரிலே ஓடித் திரிந்தால், வறுமையின் படத்தை அவனைப் போல வேறெவரும் வரைய முடியாது. நகரத்தவருள் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். கதையின் மையமோ கத்தோலிக்கத் தேவாலயத்துக்கும் மதுச்சாலைக்கும் இடையே நடமாடும் ஐரிஷ் வழியினரின் சிறு உலகம். அவ்வுலகம் அன்போடு வரையப்பட்டிருக்கின்றது. அதன் சாளரங்கள்தாம் திறக்கப்படவில்லை.

இவ்வகைப் படம் இவற்றையெல்லாம் பேச முடியாதென்று கூறுவோருக்குப் பழைய படங்களே விடை தரும். 1974இல் வந்த ‘த ரவரிங் இன்ஃபேர்னோ’வை எவரும் புரட்சிப் படம் என்று கூறார். நட்சத்திரங்களும் வெடிச்சத்தமும் நிறைந்த கேளிக்கை அது. ஆயினும் சான் பிரான்சிஸ்கோவின் அந்த 138 மாடிக் கோபுரம் எரிவதற்குக் காரணம், செலவைக் குறைக்கத் தரக்குறைவான மின்கம்பிகளைப் பொருத்தியமையே என்று அது விரல் நீட்டிக் காட்டுகின்றது. 1991இல் ரொன் ஹவார்ட் நெறிப்படுத்திய ‘பாக்ட்ராஃப்ட்’ படத்திலே சிகாகோ நகரசபை உறுப்பினன் ஒருவன், தீயணைப்பு நிலையங்களை மூடுவதற்காகப் போலி ஆய்வறிக்கையைத் தயாரிக்கின்றான். ஆட்குறைப்பினால் வீரர்கள் மடிகின்றனர். அதில் மூத்த சகோதரனும் இறந்துதான் போகின்றான். ஆயினும் இந்தச் சாவுகளுக்குப் பின்னே ஒரு கையொப்பம் இருக்கின்றது. இவ்விரு படங்களும் கலைத்தரத்தில் ‘லடர் 49’க்கு மேற்பட்டவை என்று நாம் வாதாட வரவில்லை. மனிதரை வரைவதில் பின்னையதே மேல். ஆனால் முடிவிலே அவ்வளவு துணிவு காட்டிய படம், காரணத்தைத் தேடும்பொழுது இவ்வளவு கூச்சப்படுவது ஏன்?

அதற்கு விடை அது பிறந்த காலத்திலே கிடக்கின்றது. 2001 செப்ரெம்பர் 11ஆந் திகதி நியூயோர்க் நகரில் 343 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். அதன் பின் அந்நாட்டில் தீயணைப்பு வீரனின் சீருடை புனிதமாகிவிட்டது. அவனைப் பற்றிய படத்தில் கேள்வி கேட்பது செத்த வீட்டிலே கணக்குக் கேட்பது போலாயிற்று. படம் வெளிவந்தபொழுது ஈராக்கிலே போர் நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து டோவர் விமானத்தளத்துக்கு வந்திறங்கிய பிரேதப் பெட்டிகளைப் பத்திரிகையாளர் படமெடுக்கக்கூடாது என்ற தடை 1991இல் விதிக்கப்பட்டு 2009வரை நீடித்தது. உண்மைப் பெட்டிகள் மறைக்கப்பட்டிருந்த ஆண்டில், கொடி போர்த்த ஒரு கற்பனைப் பெட்டி தீயணைப்பு வண்டியின் மீது நகர்வலம் வந்தது. இதனைத் திட்டமிட்ட சதி என்று நாம் கூறவில்லை. அழ வேண்டியிருந்த ஒரு மக்கட் கூட்டத்துக்கு அழுவதற்கோர் இடம் தேவைப்பட்டது. கேள்வியில்லாத இடமாக அது அமைந்துவிட்டது.

மரணச் சடங்கில் கென்னடி உரையாற்றி, மாண்டவனைக் கொண்டாடும்படி கேட்கின்றார். தேவாலயத்தில் இருந்தோரெல்லாம் எழுந்து கைதட்டுகின்றனர். பின்பு ஊர்வலம், பின்பு பழைய காட்சிகளில் ஜக் உயிரோடு திரும்பி வருகின்றான். கதவால் வெளியே துரத்தப்பட்ட சுபம் யன்னலால் உள்ளே வருவது இங்கேதான். பின்வாங்கும் கட்டளைக்குப் பின் வந்த மௌனத்தோடு படத்தை நிறுத்தியிருந்தால், பார்த்தவர் எழுந்து வெளியே செல்லும்பொழுது கையில் ஏதோ மிஞ்சியிருக்கும். கைதட்டல் அதனை வாங்கி வைத்துக்கொண்டு அவர்களை வெறுங்கையோடு அனுப்பிவிடுகின்றது.

உயர்வகுப்பு மாணவருக்கு இப்படத்தைக் காட்டலாமா என்று கேட்டால், காட்டலாம் என்றே கூறுவோம். தொழிலாளரின் நட்பு திரையிலே இவ்வளவு இயல்பாக அமைவது அரிது. ஆனால் அதனோடு வூஸ்ரர் நிகழ்ச்சியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தீ எழுந்தது எவ்வாறென விசாரித்தபொழுது, அக்கட்டிடத்தில் ஒதுங்கியிருந்த வீடற்ற ஆணும் பெண்ணும் வைத்திருந்த மெழுகுதிரி சரிந்து பற்றியதெனத் தெரியவந்தது. அவர்கள் முன்னரே வெளியேறியிருந்தனர், எவருக்கும் அறிவிக்கவில்லை. அவ்விருவர் மீதும் வழக்குத் தொடரப்பட்டது. டிசெம்பர்க் குளிரில், சாளரமில்லாத ஒரு கட்டிடத்தில் மெழுகுதிரியோடு அவர்கள் ஏன் இருந்தனர் என்ற இடத்திலிருந்து தொடங்கும் தீயணைப்புப் படமொன்றை நாம் இன்னும் பார்க்கவில்லை.