முப்பதாண்டுத் தூக்கம் என்னும் கட்டுக்கதை

பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’ 2024இல் கான் விழாவின் பிரதானப் போட்டிக்குள் நுழைந்து கிராண்ட் பிரீ விருதை வென்றதிலிருந்து ஒரு வாசகம் ஓய்வின்றி ஒலிக்கிறது: முப்பதாண்டுத் தூக்கம் கலைந்து இந்திய சினிமா எழுந்துவிட்டதாம். படம் அருமையானது, வாசகம்தான் அபத்தம்.

தொடக்கக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. 1946இல் முதல் விழாவின் உச்ச விருதைப் பகிர்ந்துகொண்ட பதினொரு படங்களில் சேத்தன் ஆனந்தின் ‘நீச்சா நகர்’ ஒன்று. 1954இல் பிமல் ராய், 1956இல் ‘பதேர் பாஞ்சாலி’. அன்று போட்டிப் படங்களைப் பெரும்பாலும் அந்தந்த நாடுகளே அனுப்பிவைத்தன. விழாக் குழு தானே பொறுக்கி எடுக்கும் முறை 1972இல்தான் வந்தது.

அப்படிப் பொறுக்கியவர்கள் திரும்பத் திரும்ப மிருணாள் சென்னிடம் வந்தார்கள். 1980, 1983, 1986 என மூன்று முறை. ‘ஏக் தின் பிரதிதின்’ படத்தில் வேலைக்குப் போன மகள் ஓரிரவு வீடு திரும்பவில்லை. எங்கே போனாள் என்று கடைசிவரை சொல்லாமல், அந்தக் கேள்வியைக் கேட்கும் குடும்பத்தையே சென் கூண்டில் ஏற்றுகிறார். ‘காரிஜ்’ இன்னும் இரக்கமற்றது. சமையலறையில் உறங்கிய வேலைக்காரச் சிறுவன் நச்சுப்புகையில் இறந்துபோகிறான். எஜமானத் தம்பதிக்கோ துக்கத்தைவிட போலீஸ் பயமும் அக்கம்பக்கத்துப் பயமும் பெரிதாக இருக்கின்றன. நடுத்தர வர்க்கத்தை இவ்வளவு நாகரிகமாக அறைந்த படம் நம்மிடம் வேறில்லை. அதற்கு ஜூரி பரிசு கிடைத்தது. இன்று அதைப் பற்றிப் பேசுவோர் எத்தனை பேர்?

அதைவிடப் பரிதாபம் ஷாஜி என். கருணின் ‘ஸ்வஹம்’. 1994இல் கியரோஸ்தமி, கீஸ்லோவ்ஸ்கி, ஜாங் யீமோ ஆகியோருடன் ஒரே போட்டியில் நின்ற மலையாளப் படம். வண்ணமும் கறுப்புவெள்ளையும் மாறிமாறி வர, கணவனை இழந்த ஒருத்தியின் துயரத்தை அவசரமின்றித் தொடரும் அந்தப் படைப்பு, இன்று ‘முப்பதாண்டுக்கு முந்தைய கடைசி இந்தியப் படம்’ என்ற புள்ளிவிவரமாகச் சுருங்கிவிட்டது. மேற்கோள் காட்டுபவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இடைப்பட்ட காலத்தில் யாரும் தூங்கவில்லை. முரளி நாயரின் ‘மரணசிம்ஹாசனம்’ 1999இல் கானிலேயே கேமரா தோர் பெற்றது. ‘விசாரணை’ 2015இல் வெனிஸுக்குப் போனது. ‘கூழாங்கல்’ 2021இல் ரோட்டர்டாமின் டைகர் விருதை வென்றது. பிரதானப் போட்டியிலும் தமிழ் ஒலிக்காமல் இல்லை: ஷோபாசக்தி நடித்த ‘தீபன்’ 2015இல் தங்கப் பனையையே வென்றது. ஆனால் இயக்கியவர் ஜாக் ஓதியார், பணம் பிரான்சுடையது. ஆகவே வரவு பிரான்சின் பேரேட்டில். கபாடியாவின் படத்துக்கும் முதன்மைத் தயாரிப்பு பிரான்சிலிருந்துதான் வந்தது. இது குற்றமல்ல. ஆனால் போட்டியின் வாசலில் திறமையோடு ஐரோப்பியத் தயாரிப்பாளர்களும் விற்பனை நிறுவனங்களும் நிற்கிறார்கள் என்பதை மறைத்துவிட்டு, வராதவர்களைச் சோம்பேறிகள் என்பதுதான் குற்றம்.

சத்யஜித் ராயின் ‘கரே பைரே’ 1984இல் போட்டிக்குப் போனபோது தயாரித்தது நமது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம். இன்று பெண் இயக்குநர்களுக்கும் தலித் இயக்குநர்களுக்கும் கேரள அரசின் திரைப்படக் கழகம் பணம் தருகிறது. அந்த வழியை மற்ற மாநிலங்களும் எடுத்துக்கொள்ளட்டும். ‘காரிஜ்’, ‘ஸ்வஹம்’ போன்றவை நல்ல பிரதிகளாக நம் அரங்குகளுக்கு வரட்டும். பிறகு கான் அழைத்தால் போகலாம், அழைக்காவிட்டால் அதை இந்திய சினிமாவின் தோல்வியாக எழுத வேண்டியதில்லை.