விலையிடப்பட்ட மனிதவளம்: எம்பிஏ பாடத்திட்டம் குறித்து ஒரு திறனாய்வு

தமிழ்நாட்டின் மேலாண்மைக் கல்லூரிகளில் எம்பிஏ பயிலும் மாணவர்களிடையே, மனிதவளத்தையும் நிதியையும் ஒருசேரத் தேர்ந்தெடுக்கும் இரட்டைச் சிறப்புப் பாடமுறைக்கு மவுசு கூடியிருக்கிறது. இம்முறையை ஆதரிப்போர் முன்வைக்கும் வாதம் ஒன்றுதான்: இயக்குநர் குழுவில் எடுபடுவது கணக்கு மட்டுமே, கணக்கு தெரியாத மனிதவள அலுவலரின் சொல்லை அங்கே எவரும் பொருட்படுத்துவதில்லை, ஆகவே நிதி பயின்ற மனிதவள அலுவலர் உருவாவது நிறுவனத்துக்கு மட்டுமன்றித் தொழிலாளிக்கும் நன்மையே. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாதம், அப்பாடங்கள் எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளன என்று பார்க்கும்போது நிலைகுலைந்துவிடுகிறது. நிர்வாகம், மனிதவளம், நிதி ஆகிய மூன்றையும் கற்பிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் இப்படிப்பு, நிதியியலின் அளவுகோலைக் கொண்டு மற்ற இரண்டையும் அளக்கவே பெரிதும் பழக்குகிறது.

இப்படிப்பின் நிறைகளை மறுப்பதற்கில்லை. பொறியியலோ கலை அறிவியலோ படித்துவிட்டு வரும் மாணவர், பல நேரங்களில் குடும்பத்தின் முதல் பட்டதாரி, நான்கு பருவங்களுக்குள் இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கவும், நடைமுறை மூலதனத்தை, அதாவது அன்றாடக் கொள்முதலுக்கும் கூலிக்கும் கைவசம் இருக்க வேண்டிய பணத்தை, மதிப்பிடவும் கற்றுக்கொள்கிறார். வருங்கால வைப்பு நிதியையும் போனஸையும் பிழையின்றிக் கணக்கிடத் தெரியாத அலுவலரால் முதலில் பாதிக்கப்படுவது தொழிலாளிதான் என்பதும் உண்மை. இந்த அளவில் நிதிப் பாடம் தேவையானதே.

ஆயினும் இந்தியாவில் மனிதவளத் துறை தோன்றிய வழியே வேறு. 1936இல் மும்பையில் தொடங்கி, பின்னர் டாடா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் பெற்ற பள்ளியும், 1949இல் ஜாம்ஷெட்பூரில் சேசு சபையினர் நிறுவிய எக்ஸ்எல்ஆர்ஐயும், 1952இல் சென்னையில் எழுந்த சமூகப்பணிக் கல்லூரியும் தொழிலாளர் நலனையும் தொழிலுறவையும் மையமாக வைத்தே பணியாளர் மேலாண்மையைக் கற்பித்தன. 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் வேலை செய்யும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் நல அலுவலர் இருக்க வேண்டும் என 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது இப்படிப்புக்கு ஒரு சமூக நோக்கத்தைத் தந்தது. 1980களுக்குப் பின் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்த மனிதவள மேலாண்மை என்னும் கருத்து அந்த இடத்தைப் பிடித்தது; தொழிலாளி உரிமை உடையவர் என்ற நிலையிலிருந்து, நிறுவனத்தின் இலக்குக்குப் பயன்படும் வளம் என்ற நிலைக்கு மாற்றப்பட்டார். வளம் என்று ஆன பிறகு அதற்கு விலையிடும் வேலை நிதியியலின் கைக்குப் போயிற்று.

இதற்கு மிகத் தெளிவான சான்று, மனிதவளக் கணக்கியல் என்ற பாடப்பகுதியில் கற்பிக்கப்படும் லெவ்–ஷ்வார்ட்ஸ் முறை. பாருக் லெவ், அபா ஷ்வார்ட்ஸ் ஆகிய இருவரும் 1971இல் முன்வைத்த இம்முறையின்படி, ஒரு பணியாளர் ஓய்வு பெறும் நாள்வரை பெறவிருக்கும் ஊதியம் அனைத்தையும் ஒரு தள்ளுபடி வீதத்தால் கழித்து, அதாவது நாளை வரும் ரூபாய் இன்றைய ரூபாயைவிடக் குறைந்த மதிப்புடையது என்ற கணக்கில் சுருக்கி, வரும் தொகையே அவருடைய இன்றைய மதிப்பாகும். பெல், இன்ஃபோசிஸ் போன்ற நிறுவனங்கள் தம் ஆண்டறிக்கைகளில் இதைப் பயன்படுத்தியதால், பாடநூல்களில் இதற்குத் தனி மரியாதை உண்டு. ஒரு நூற்பாலையில் ஆண்டுக்கு 3 லட்ச ரூபாய் பெறும் இருவரை இக்கணக்கில் வைத்துப் பார்க்கலாம். ஊதிய உயர்வை ஒதுக்கிவிட்டு, 12 விழுக்காட்டுத் தள்ளுபடி வீதத்தையும் 58ஐ ஓய்வு வயதாகவும் கொண்டால், 38 வயதானவரின் மதிப்பு ஏறத்தாழ 22.4 லட்சம், 56 வயதானவரின் மதிப்பு ஏறத்தாழ 5.07 லட்சம். இந்த இரண்டாமவர், நூல் அறுபடும் போக்கைப் பார்த்தே ரிங் ஃபிரேமில் எந்த டிராவலர், அதாவது நூலுக்கு முறுக்கேற்ற உதவும் சிறு உலோகத் துண்டு, தேய்ந்துவிட்டது என்று சொல்லக்கூடியவராக இருக்கலாம். முதலாமவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவராகவும் இருக்கலாம். அவர் தலைமுறையாகச் சேர்த்த அறிவு முழுவதும் இந்தச் சூத்திரத்தில் இடமின்றிப் போய், அவர் வேலையில் நீடிக்கவிருக்கும் இரண்டு ஆண்டுகள் மட்டுமே எஞ்சுகின்றன.

இதைவிடப் பெரிய கோளாறு, ஊதியமே மதிப்பு என்று கொள்வதில் இருக்கிறது. ஒரே வேலைக்குக் குறைந்த கூலி பெறும் பெண்ணின் மதிப்பு ஆணின் மதிப்பைவிடக் குறைந்துவிடுகிறது. சமமான கூலி கொடுக்க மறுத்த நிறுவனம், தான் மறுத்ததையே அவருடைய தகுதிக் குறைவுக்குச் சான்றாகக் காட்ட முடிகிறது. சூத்திரத்தின் குறைபாடுகளையும் மாணவர்கள் படிக்கத்தான் செய்கிறார்கள் என்று பதில் சொல்லப்படலாம். குறைபாடுகளை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுவது வேறு. பிழையான அடிப்படையில் தீர்மானம் எடுக்க மறுப்பது வேறு. பின்னதைக் கற்பிக்கும் தாள் எதுவும் நிதிச் சிறப்புப் பாடத்தில் காணப்படுவதில்லை.

இதே பார்வை பணிக்கொடையின் விஷயத்திலும் செயல்படுகிறது. மாதம் 20,800 ரூபாய் பெற்று, பத்தாண்டு வேலை செய்து விலகும் தொழிலாளிக்கு, சம்பளத்தை 26 நாளால் வகுத்து, ஆண்டுக்கு 15 நாள் என்று கணக்கிட்டால் 1,20,000 ரூபாய் பணிக்கொடை சேரும். உழைப்பின் ஆண்டுகளுக்கு நிறுவனம் செலுத்தும் கடன் என்ற பொருளில் 1972இல் பணிக்கொடைச் சட்டம் வந்தது. நிதிப் பாடத்திலோ இது முன்கூட்டியே ஒதுக்க வேண்டிய ஒரு பொறுப்பு. பொறுப்பு எனில் அது குறைக்கப்பட வேண்டியது. ஐந்தாண்டுத் தொடர்பணி நிறைந்தால்தான் பணிக்கொடை என்ற பழைய விதியை, நான்காண்டுக்குள் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதற்கான வழியாகக் காண இந்தப் பார்வை அதிக தூரம் போக வேண்டியதில்லை. குறித்த காலப் பணியாளருக்கு ஐந்தாண்டு நிறையாவிட்டாலும் பணிக்கொடை உண்டு என 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் சொல்ல வேண்டிவந்ததற்கு, இந்த வழி நடைமுறையில் எவ்வளவு பழகிப்போயிருந்தது என்பதே காரணமாக இருக்க முடியும்.

இப்பார்வைக்குப் பின்னே ஒரு கோட்பாடு நிற்கிறது. மைக்கேல் ஜென்சனும் வில்லியம் மெக்லிங்கும் 1976இல் எழுதிய கட்டுரையால் பரவிய முகவர் கோட்பாடு, மேலாளரைப் பங்குதாரரின் முகவராகக் கொண்டு, கண்காணிக்காவிடில் அவர் தன்னலத்துக்கே உழைப்பார் என்று கருதியது. இத்தகைய கோட்பாடுகள் மாணவர்களை அறப்பொறுப்பிலிருந்து விடுவித்துவிடுகின்றன என்று கல்கத்தாவில் பிறந்த மேலாண்மை அறிஞர் சுமந்திர கோஷல் எழுதிய கட்டுரை, அவர் மறைந்த பிறகு, 2005இல் வெளிவந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஜாக் வெல்ச் நடைமுறைப்படுத்திய தரவரிசை, அதாவது பணியாளர்களை முதல் 20, நடு 70, கடைசி 10 விழுக்காடு எனப் பிரித்துக் கடைசிப் பத்தை வெளியேற்றும் முறை, செயல்திறன் மதிப்பீட்டுப் பாடத்தில் நெடுங்காலம் முன்மாதிரியாக இருந்தது. ஊழியரை ஊழியரோடு போட்டியிட வைக்கும் இத்தகைய முறையை மைக்ரோசாஃப்ட் 2013இல் கைவிட்டது.

தமிழ்நாட்டு மாணவருக்கு வெல்ச்சைத் தெரியும், பெரம்பூரைத் தெரியாது. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரின் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று அமைத்த சென்னைத் தொழிலாளர் சங்கமும், அச்சங்கத்தின் தலைவர்கள்மீது ஆலை நிர்வாகம் தொடுத்த வழக்கு 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்குத் தூண்டுதலாக அமைந்ததும், எந்தச் சூத்திரத்தையும்விட ஒரு மனிதவள அலுவலருக்குப் பயன்படக்கூடிய பாடங்கள். ஒரு நூற்றாண்டுக்குப் பின், 2024 செப்டம்பர் 9 அன்று ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் தொழிற்சாலையில் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த வேலைநிறுத்தத்தில், கூலியோடு சேர்ந்து முதன்மையாக நின்ற கோரிக்கை சங்கத்துக்கு அங்கீகாரம் என்பதே. அமைச்சர்கள் நேரில் பேச்சு நடத்தியே அது முடிவுக்கு வந்தது. அங்கீகாரம் என்ற கோரிக்கைக்கு நிகர நடப்பு மதிப்பு, அதாவது தள்ளுபடி வீதத்தால் சுருக்கிக் கணிக்கும் இன்றைய பண மதிப்பு, கிடையாது. எதையும் வரவு செலவாக மாற்றியே பார்க்கப் பழகிய அலுவலர், தொழிலாளர் மரியாதை கேட்கும்போது அதைக் கூடுதல் சலுகைக்கான பேரம் என்றே எடுத்துக்கொள்வார்.

மனிதவளத் துறை இயக்குநர் குழுவில் இடம்பெற வேண்டும் என்ற வாதத்துக்கு அடிக்கடி சான்றாகக் காட்டப்படுபவர் மேலாண்மை அறிஞர் டேவ் உல்ரிச். 1997இல் வெளியான தம் நூலில் அவர் மனிதவள அலுவலருக்கு நான்கு பணிகளை வகுத்தார்: நிறுவன உத்தியில் பங்காளி, நிர்வாக வல்லுநர், மாற்றத்தின் முகவர், பணியாளரின் காவலர். பங்காளி என்ற முதற்பணி மட்டும் வகுப்பறைகளில் கொடிகட்டிப் பறக்க, காவலர் என்ற கடைசிப் பணி ஏட்டோடு நின்றுபோயிற்று. மேற்கோள் காட்டுவோர் அவரை முழுமையாகப் பின்பற்றினாலே இப்பாடத்திட்டத்தின் பாதிக் குறை நீங்கும்.

நிதி மேலாண்மை எல்லா எம்பிஏ மாணவருக்கும் கட்டாயப் பாடம். தொழிலுறவும் தொழிலாளர் சட்டமும் பல பல்கலைக்கழகங்களில் மனிதவளம் எடுப்போர் மட்டும், அதுவும் விருப்பமிருந்தால் மட்டும், படிக்கும் பாடம். 29 மத்தியச் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக மாற்றி எழுதப்பட்டுள்ள இவ்வேளையில், எப்படியும் பாடத்தைத் திருத்தியாக வேண்டிய நிலையில் பாடத்திட்டக் குழுக்கள் இருக்கின்றன. அத்திருத்தத்தில் தொழிலுறவுத் தாளை நிதி பயில்வோர் உட்பட அனைவருக்கும் கட்டாயமாக்கி, அதைக் கற்பிக்கும் இடத்தில் தொழிலாளர் துறை அலுவலரையும் தொழிற்சங்கத்தினரையும் ஒரு பருவமாவது அமர்த்துவதைக் குழுவினர் முதல் தீர்மானமாக எடுக்க வேண்டும்.