கம்பும் கடிகாரமும்

2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் 6 வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கொன்றது. நடந்து மலையேறும் பக்தர்களுக்கு ஆளுக்கொரு கம்பு தருவது என்று திருமலை திருப்பதி தேவஸ்தானம் முடிவெடுத்தது. செப்டம்பரில் கொடுக்கவும் தொடங்கியது. சிறுத்தையைக் கம்பால் அடிப்பதா என்று சமூக ஊடகங்களில் ஒரே கேலி. அதே நாட்களில் எடுக்கப்பட்ட வேறு இரண்டு நடவடிக்கைகள் அந்தச் சிரிப்பில் அமுங்கிப்போயின. பிற்பகல் 2 மணிக்குப் பிறகு சிறுவர்களுக்கு அந்தப் பாதையில் அனுமதி இல்லை என்று அறிவித்தார்கள். மற்றவர்களும் தனித்தனியாகப் போகாமல் திரளாக, காவலர் துணையோடு போகவேண்டும் என்றார்கள்.

துப்பாக்கி இல்லாமல் காட்டில் நடப்பவர் எப்படித் தப்பிப்பது என்ற பேச்சு, நம்மூரில் கையில் என்ன இருக்கிறது என்பதோடு நின்றுவிடுகிறது. எத்தனை மணிக்கு நடக்கிறோம், யாரோடு நடக்கிறோம் என்ற கேள்விகளுக்கு யாரும் அவ்வளவு காது கொடுப்பதில்லை. ஜவ்வாது மலைக்கு வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வரும் நடைக்குழுக்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கம்பு, கூட்டம், சத்தம் மூன்றும்தான் அவர்களுடைய தற்காப்பு. காட்டோரத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாளும் முறைதான் இது; மோசமான முறை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் நகரத்தார் அதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் மலையைப் பார்ப்போம். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலை இது. பெரும்பகுதி, கோடையில் இலை உதிர்த்துவிடும் காய்ந்த காடு. நடுநடுவே மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள், சாமைக் கொல்லைகள். ஜமுனாமரத்தூரை மையமாக வைத்துப் பீமன் அருவிக்கும் கீழ்ச்செப்பிலி கல்திட்டைகளுக்கும் ஆட்கள் வந்துபோகிறார்கள். இந்த வட்டாரத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஆறு யானைகளை 2013 ஆகஸ்டில் வனத்துறை கும்கிகளை வைத்துப் பிடித்து அப்புறப்படுத்தியது. இன்று நடப்பவர் முக்கியமாகக் கணக்கில் எடுக்கவேண்டிய பெரிய விலங்குகள் இரண்டு: கரடி, சிறுத்தை. இரண்டுக்கும் குணம் நேரெதிர். ஒன்றிடம் பலிப்பது மற்றதிடம் பலிக்காது. நம் மூன்று ஆயுதங்களின் பலமும் பலவீனமும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

துப்பாக்கி இருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்பவர்களும் உண்டு. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 11(2) பிரிவில், தன்னுயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்துடன் விலங்கைக் கொன்றாலும் காயப்படுத்தினாலும் குற்றமாகாது என்கிறது. அந்த நேரத்தில் அதே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தவருக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. ஆகவே தற்காத்துக்கொள்ள உரிமை இருக்கிறது. அதைச் சாக்காக வைத்துத் துப்பாக்கியோடு காட்டுக்குள் நுழைய உரிமை இல்லை. சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் துப்பாக்கியின் பெருமை அவ்வளவு உறுதியானதாக இல்லை. அலாஸ்காவில் 1883 முதல் 2009 வரை நடந்த 269 கரடி மோதல்களை ஆராய்ந்து 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் காயம்பட்ட அளவில் வேறுபாடு தெரியவில்லை. கரடி பாய்ந்து வரும் சில நொடிகளில் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிக் குறிபார்த்துச் சுடுவது பழகியவருக்கே கடினம். அந்தச் சில நொடிகள்தான் கம்பு வைத்திருப்பவருக்கும் சிக்கல்.

சிறுத்தையிடம் கம்பு நன்றாகவே வேலை செய்கிறது. அது பதுங்கி வந்து தாக்கும் விலங்கு; தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தால் பெரும்பாலும் விலகிவிடும். நிமிர்ந்து நடக்கும் ஆள் அதற்குப் பழக்கமான இரை இல்லை. குனிந்தவர், குந்தியிருப்பவர், கூட்டத்திலிருந்து பிரிந்த குழந்தை ஆகியோர்தான் அதன் கண்ணுக்கு இரையின் அளவில் தெரிகிறார்கள். கம்பை உயர்த்திப் பிடிக்கும்போது ஆளின் உருவம் பெரிதாகிறது. முதுகைக் காட்டி ஓடத் தோன்றாமல் எதிர்கொண்டு நிற்கத் துணிவும் வருகிறது. கம்பின் பயன் அடியில் இல்லை, நிற்கும் நிலையில் இருக்கிறது. திருப்பதியைக் கேலி செய்தவர்கள் கவனிக்காதது இதைத்தான். குழந்தைகளை நடுவில் விட்டுப் பெரியவர்கள் முன்னும் பின்னும் நடப்பது, புதரோரம் தனியாகக் குந்தாமல் இருப்பது ஆகிய இரண்டையும் கூடச் சேர்த்தால் சிறுத்தை விஷயத்தில் கம்பும் கூட்டமும் தேறிவிடும்.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2024 ஜூன் 14 அன்று மலையடிவாரத் திருப்பத்தூரில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை ஒட்டிய பள்ளி வளாகத்துக்குள் சிறுத்தை புகுந்து ஒருவரைக் காயப்படுத்தியது. பிறகு கார் நிறுத்துமிடத்தில் பதுங்கிக்கொண்டது. காருக்குள் மாட்டிக்கொண்டவர்களை மீட்டு, மயக்க ஊசி செலுத்தி அதைப் பிடிக்க இரவாகிவிட்டது. போக வழியிருக்கும் சிறுத்தை விலகும்; வழி அடைபட்ட சிறுத்தை பாயும். குறுகிய ஓடையிலோ பாறை இடுக்கிலோ கம்பை நீட்டிக்கொண்டு முன்னேறுகிறவர், தெரியாமலே அதன் வழியை அடைக்கிறார். அங்கே செய்யவேண்டியது பின்வாங்குவது. அதைக் கம்பு கற்றுத்தராது.

கரடிதான் உண்மையான சோதனை. 1989 முதல் 1994 வரையிலான ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பிரதேசத்தில் 735 பேர் கரடியிடம் சிக்கினார்கள். இறந்தவர்கள் 48 பேர். மற்றவர்கள் பிழைத்தார்கள் என்று சொல்லிவிடலாம், ஆனால் கரடி பெரும்பாலும் முகத்தையும் தலையையும் குறிவைக்கும். கண்ணையும் தாடையையும் இழந்து வாழ்கிறவர்களைக் காட்டோர ஊர்களில் பார்க்கலாம். இது பசியால் நடக்கும் தாக்குதல் இல்லை. கறையானும் தேனும் பழமும் தின்கிற கரடிக்கு மனித மாமிசம் தேவையில்லை. புலி உலவும் காடுகளில் வாழ்ந்து பழகிய இனம் அது. குட்டியை முதுகில் சுமந்து திரியும் தாய் மரமேறித் தப்பிக்கப் பார்க்காது. திடுக்கிட்டால் முன்னால் பாய்வதுதான் அதன் தற்காப்பு.

அது திடுக்கிடும் விதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். நீண்ட நகங்களால் புற்றைக் கிழித்து மூக்கை உள்ளே விடுகிறது. முதலில் மண்ணை ஊதித் தள்ளுகிறது, பிறகு உதட்டைக் குவித்துக் கறையானை உறிஞ்சுகிறது. மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டும் அதற்குக் கிடையாது. அந்த இடைவெளிதான் உறிஞ்சுகுழாய். ஊதலும் உறிஞ்சலுமாக எழும் அந்த ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். ஆனால் தலையைப் புற்றுக்குள் விட்டிருக்கும் கரடிக்கு நீங்கள் வருவது கேட்காது. அதன் பார்வையும் சுமார்தான், மோப்பம்தான் கூர்மை. காற்று உங்களை நோக்கி வீசினால் அந்த மோப்பமும் உதவாது. பத்தடி தூரத்தில் தலையைத் தூக்குகிறது, எதிரே மனிதர். கம்பு அங்கே என்ன செய்யும்? ஓங்கினால் பயமுறுத்தலைப் பயமுறுத்தலாகவே எடுத்துக்கொள்ளும். ஓடினால் துரத்திப் பிடிக்கும். மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, முகத்தை மண்ணில் புதைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் கரடி ஆய்வாளர்கள். முதுகுப்பை மேலே கவசமாகக் கிடக்கும். கம்பை நம்பி வந்தவருக்கு இந்த யோசனை பிடிக்காது.

சத்தத்தின் பலவீனமும் இங்கேதான் வெளிப்படுகிறது. பேசிக்கொண்டே நடந்தால் விலங்கு விலகிவிடும் என்பது பெரும்பாலும் சரி. ஆனால் இடைவிடாத சத்தம் நடப்பவரின் காதையும் அடைத்துவிடுகிறது. புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டு ஓடும் குழுவுக்கு அந்த ஊதல் ஓசை எப்படிக் கேட்கும்? கரடிக்குக் கேட்காத நேரத்தில் நமக்குக் கேட்கவேண்டும். அந்த ஒரே வாய்ப்பைப் பாட்டு கெடுக்கிறது. வளைவு வருமுன் கம்பால் பாறையில் இரண்டு தட்டு, ஒரு குரல், பிறகு நின்று கவனிப்பது என்று போவதே சரியான சத்தம். அருவி இரைச்சலுக்குப் பக்கத்திலும் எதிர்க்காற்றிலும் இதுவும் பாதிதான் பலிக்கும் என்பதால் அங்கே கண்ணுக்கு வேலை கூடுகிறது.

கூட்டத்துக்கும் இதே கதைதான். இருபது பேர் சேர்ந்து போனால் பாதுகாப்பு என்கிறோம். இருபது பேரும் ஒரே இடத்தில் இருக்கும்வரை அது உண்மை. செல்பி எடுக்க ஒருவர் நிற்கிறார், மூச்சு வாங்கி ஒருவர் உட்காருகிறார்; அரைமணி நேரத்தில் வரிசை அரைக்கிலோமீட்டர் நீள்கிறது. கடைசியில் வருபவர் தனி ஆள்தான். பலம் எண்ணிக்கையில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது. ஐந்து பேர் ஒட்டி நடப்பது இருபது பேர் சிதறி நடப்பதைவிட மேல்.

மற்ற உபாயங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அலாஸ்காவில் பழுப்புக் கரடிகளிடம் மிளகுத் தெளிப்பான் 92 விழுக்காடு பலித்தது என்று 2008இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அது மேகம்போல் பரவும் பெரிய டப்பா. நம்மூரில் கைப்பையில் வைத்துக்கொள்ளும் சின்னக் குப்பி அந்த வேலையைச் செய்யாது. மிளகாய்த்தூள் காற்று திரும்பினால் நம் கண்ணுக்கே வரும். தீப்பந்தமும் பட்டாசும் பயமுறுத்தும்தான். ஆனால் மாசியிலிருந்து காய்ந்து கிடக்கும் இந்தக் காட்டில் ஒரு பொறி போதும். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 மலையேற்றப் பயணிகள் இறந்ததை மறந்துவிட்டுத் தீயைத் தற்காப்பு என்று சொல்ல முடியாது.

நகரத்தார் எடுத்துக்கொள்ளாமல் விட்ட பாதிக்கு இப்போது வருவோம். அது நேரம். கரடியும் சிறுத்தையும் அந்தி முதல் விடியல்வரை நடமாடுபவை. மலைக்காரர் கம்பை எடுப்பதற்கு முன்பே பொழுதைப் பார்க்கிறார். இலுப்பைப் பூ கொட்டும் பங்குனியில் எந்த மரத்தடிக்கு இருட்டில் போகக்கூடாது, நாவல் பழுக்கும்போது எந்த ஓடையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும் என்பதெல்லாம் அவருடைய தற்காப்பின் பகுதி. வார இறுதிப் பயணி இதற்குத் தலைகீழ். இரவுப் பேருந்தில் வந்து விடியுமுன் ஏறத் தொடங்குகிறார். அந்திச் சூரியனைப் படமெடுத்துவிட்டு இருட்டில் இறங்குகிறார். 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கும் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் புகழால் விண்மீன் பார்க்கவும் பலர் வருகிறார்கள். அவர்களை ஈர்க்கும் அதே இருட்டுதான் கரடியின் வேலை நேரம். ஊருக்குப் பக்கத்தில் திறந்த இடத்தில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பதில் தவறில்லை. டார்ச்சை நம்பிக் காட்டுப்பாதையில் நடப்பதுதான் தவறு.

2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டம் இந்த இடத்தில் சரியாக யோசித்திருக்கிறது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். திருப்பத்தூர் மாவட்டத்தில் ஏலகிரி சுவாமிமலையும் ஜலகாம்பாறையும் பட்டியலில் உண்டு. முன்பதிவு, பகல் நடை, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி, தீக்காலத்தில் மூடல். ஆனால் பட்டியலில் இல்லாத பாதைகளில் வாட்ஸ்அப் அழைப்பை நம்பி ஏறுபவர்களை இந்த ஏற்பாடு தொடுவதில்லை. அனுமதிச் சீட்டு வாங்கியவர்களிலும் வழிகாட்டி "இறங்கலாம்" என்றதும் இறங்குபவர்கள் எத்தனை பேர்? காசு கொடுத்தவன் நான் என்கிற தோரணை அவருடைய அறிவைச் செல்லாததாக்கிவிடுகிறது.

அளவறிந்து பயப்படுவதும் தற்காப்புதான். இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறப்பதாக 2020இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. கரடிக்குக் கம்பு தேடுகிறவர் செருப்புக் காலோடு புல்லில் நடக்கிறார். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, ஒழுங்கான சாலை இல்லாததால் மருத்துவமனை சேர்வதற்குள் இறந்தது. பல்லோ நகமோ விஷமோ, பட்ட பிறகு உயிரைத் தீர்மானிப்பது சாலைக்கு எவ்வளவு தூரம் என்பதுதான். அந்தக் கணக்கு போடாமல் உள்ளே போகிறவருக்கு எந்த ஆயுதமும் துணையில்லை.

கம்பு, கூட்டம், சத்தம் என்ற இந்த முறையில் இன்னொரு குறையும் உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. சத்தத்துக்கு விலகும் விலங்கு எங்கே போகிறது? பகலில் புதரில் படுத்திருந்த கரடியைக் கூச்சலிட்டுக் கிளப்பிவிட்டு நாம் மாலைப் பேருந்து ஏறிவிடுகிறோம். கலைந்து திரியும் அதை எதிர்கொள்பவர் மாடு ஓட்டிவரும் சிறுவனாகவோ தேனெடுத்துத் திரும்புபவராகவோ இருக்கலாம். நம் பாதுகாப்புக்கான செலவை அவர்கள் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

துப்பாக்கியில்லாமல் நடப்பது துணிச்சல் என்று யாரும் பெருமைப்பட வேண்டாம், மடமை என்று யாரும் இகழவும் வேண்டாம். ஜவ்வாது மலையில் அதுதான் சட்டப்படியும் நடைமுறைப்படியும் சரியான வழி. கம்பு சிறுத்தைக்கு உதவும், கரடிக்குப் பெரிதாக உதவாது. கூட்டம் ஒட்டி நடந்தால் உதவும். சத்தம் விட்டுவிட்டு எழுந்தால் உதவும். வெயில் ஏறியபின் புறப்பட்டு, பொழுது சாய்வதற்குள் ஊருக்குள் வந்துவிடுவது இந்த மூன்றையும்விட அதிகம் உதவும். தாமதமாகிவிட்டால் அருவியைப் பார்க்காமல் திரும்பத் தெரிந்தவரே காட்டில் நடக்கத் தகுதியானவர்.