பையன் ஆணாகும் கதைகள்: ஆங்கில இளையோர் புதின மரபும் அதன் அளவுகோல்களும்

பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட வாசகரை முன்னிறுத்தி எழுதப்படும் இளையோர் புதினம், ஆங்கிலப் பதிப்புலகில் தனி வகையாகப் பெயர் பெற்றது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் என்றாலும், பையன் ஒருவன் எப்போது ஆணாகிறான் என்ற கேள்வியைச் சுற்றி அமைந்த கதைகள் அதற்கு நூறாண்டு முன்பே அம்மொழியில் வேரூன்றிவிட்டன. ஜெர்மானியக் கவிஞர் கதே 1795–96-இல் வெளியிட்ட 'வில்ஹெல்ம் மைஸ்டரின் பயிற்சிக்காலம்' என்னும் நூலை முன்மாதிரியாகக் கொண்டு, ஓர் இளைஞனின் மனவளர்ச்சியையே கதைப்போக்காக்கும் படைப்புகளைத் திறனாய்வாளர் 'பில்டுங்ஸ்ரோமான்', அதாவது வளர்ச்சிப் புதினம், என்று வகைப்படுத்துவர். அவ்வகையில் நாயகன் தவறியும் திரிந்தும் மெல்ல உலகோடு இசைகிறான்; ஆங்கிலேயர் பையன்களுக்கென எழுதிய கதைகளிலோ வளர்ச்சியின் இடத்தைத் தேர்வு பிடித்துக்கொண்டது. அத்தேர்வை வைப்பவர் யார், அதில் தோற்றவனுக்குக் கதை என்ன இடம் தருகிறது என்பவற்றைக் கொண்டே இம்மரபின் கிளைகளைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

முதற்கிளை பள்ளிக் கதை. ரக்பி பள்ளியில் 1828 முதல் 1842-இல் இறக்கும் வரை தலைமையாசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்டின் மாணவர் தாமஸ் ஹியூஸ் 1857-இல் வெளியிட்ட 'டாம் பிரௌனின் பள்ளி நாட்கள்' அதன் மூலநூல். உடல் வலிமை அறவுணர்வோடும் இறைப்பற்றோடும் சேரும்போதுதான் ஆண்மை நிறைவுறும் என்ற அக்காலக் கொள்கை 'தசைவலிமைக் கிறித்தவம்' என அழைக்கப்பட்டது. அதற்குக் கதைவடிவம் தந்தவர்களுள் ஹியூஸ் முதன்மையானவர். டாம் முரட்டு மாணவன் ஃபிளாஷ்மேனை எதிர்த்து நிற்கிறான், மைதானத்தில் விளையாடுகிறான், கைகலந்து சண்டையிடுகிறான். ஆயினும் நூலின் உயிர்நாடி அங்கில்லை. மெலிந்த உடலும் கூச்சமும் கொண்ட ஆர்தர் என்ற புதுமாணவன் டாமின் பொறுப்பில் ஒப்படைக்கப்படுகிறான். விடுதியறையில் மற்றவர் கேலியைப் பொருட்படுத்தாமல் மண்டியிட்டு வழிபடும் அச்சிறுவனைக் கண்டு, தான் கைவிட்ட வழக்கத்தை நினைத்து வெட்கமுற்று, டாமும் வழிபடத் தொடங்குகிறான். வலியவன் மெலிந்தவனிடம் கற்றுக்கொள்ளும் இப்பகுதியைப் பின்வந்தோர் பலர் விட்டுவிட்டு, மைதானத்தையும் சண்டையையும் மட்டும் எடுத்துக்கொண்டது இம்மரபுக்கு நேர்ந்த பேரிழப்பு.

அந்த இழப்பின் விளைவைச் சாகசக் கதைகளில் காணலாம். பேரரசின் போர்க்களங்களைப் பையன்களின் தேர்வுக்கூடமாக்கிய ஜி. ஏ. ஹென்டி எழுதிய 'இந்தியாவில் கிளைவுடன்' என்னும் நூலில், கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வரும் ஆங்கிலச் சிறுவன் ஆர்க்காட்டு முற்றுகையில் போரிட்டு ஆணாகிறான். அம்முற்றுகை நடந்த மண்ணின் மக்கள் அவன் வளர்ச்சிக்குப் பின்புலமாக மட்டுமே நிற்கின்றனர். பாலன்டைனின் 'பவளத் தீவு' கப்பலுடைந்து ஒதுங்கிய மூன்று ஆங்கிலப் பையன்களை ஆளுமையும் ஒழுங்கும் பிறப்பிலேயே வாய்த்தவர்களாகக் காட்டியது. அந்நூலின் ரால்ஃப், ஜாக் என்ற பெயர்களையே எடுத்துக்கொண்டு வில்லியம் கோல்டிங் 1954-இல் எழுதிய 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' அந்நம்பிக்கையைத் தகர்த்தது. இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் பணியாற்றியவரும் பள்ளி ஆசிரியருமான கோல்டிங்கின் தீவில், வேட்டையாடத் தெரிந்தவனே தலைவனாகிறான். மூக்குக்கண்ணாடியும் மூச்சிரைப்பும் கொண்ட அறிவாளிச் சிறுவன் கொல்லப்படுகிறான். இளையோருக்கென எழுதப்படாத இந்நூல் பள்ளிப் பாடமாகி இளையோர் நூலாகவே நிலைத்துவிட்டது.

இன்று இளையோர் புதினம் என்ற சொல் குறிக்கும் நேரடி யதார்த்த எழுத்து அமெரிக்காவில் 1967-இல் வெளிவந்த 'தி அவுட்சைடர்ஸ்' நூலோடு தொடங்குவதாகக் கொள்வது மரபு. ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரைச் சேர்ந்த எஸ். இ. ஹின்டன் அதை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினைந்து. பெண் எழுதியது என்று தெரிந்தால் ஆண் மதிப்புரையாளர் ஒதுக்கக்கூடும் என்ற பதிப்பகத்தின் அச்சத்தால் அவர் முதலெழுத்துகளோடு அறியப்பட்டார். பையன்களைப் பற்றிய ஆங்கில நூல்களுள் மிகப் பரவலாகப் படிக்கப்பட்ட ஒன்றைப் படைத்தவர் ஒரு பெண் என்பதைத் திறனாய்வாளர் தகவலாக மட்டும் கடந்துவிடுகின்றனர்; உண்மையில் நூலின் பார்வையே அதனால் வேறுபட்டிருக்கிறது. பெற்றோரை இழந்து இரு அண்ணன்களிடம் வளரும் பதினான்கு வயதுப் போனிபாயும் அவன் தோழர்களும் தெருச் சண்டைக்குப் பெயர்பெற்ற ஏழைப் பையன்கள். ஆயினும் அவர்கள் அழுகிறார்கள், ஒருவரையொருவர் அணைத்துக்கொள்கிறார்கள், அந்திவானத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். இரு கும்பல்களுக்கிடையிலான பெருஞ்சண்டையில் கிடைக்கும் வெற்றி எதையும் தீர்ப்பதில்லை. இறுதியில் போனிபாய் செய்யும் செயல், நடந்ததைப் பள்ளிக் கட்டுரையாக எழுத உட்காருவதுதான்.

ராபர்ட் கார்மியரின் 'தி சாக்லேட் வார்' (1974) இதைவிடக் கடுமையானது. கத்தோலிக்க ஆண்கள் பள்ளி ஒன்றில் நிதி திரட்டுவதற்காக ஒவ்வொரு மாணவனும் ஐம்பது பெட்டிச் சாக்லேட் விற்க வேண்டுமென்ற கட்டளையை ஜெர்ரி ரெனோ என்ற புதுமாணவன் மறுக்கிறான். மாணவர்களின் இரகசியக் கூட்டமும் பள்ளிப் பொறுப்பை ஏற்றிருக்கும் துறவியும் கைகோத்து அவனை முறிக்கின்றனர். தனியொருவனின் துணிவு வெல்லும் என்ற பழைய உறுதிமொழியை நூல் தரவில்லை. முடிவை மாற்றுமாறு பதிப்பகங்கள் கேட்டும் கார்மியர் இணங்கவில்லை. அமெரிக்கப் பள்ளி நூலகங்களிலிருந்து நீக்கக் கோரி மிகுதியாக முறையிடப்பட்ட நூல்களுள் இதுவும் ஒன்று. பையன்களின் கொடுமை பெரியவர்களின் அனுமதியால்தான் நிலைபெறுகிறது என்பதை இவ்வளவு அஞ்சாமல் சொன்ன நூல் இவ்வகையில் அரிது. கானகத்தில் தனித்து உயிர்பிழைக்கும் சிறுவனைக் கூறும் கேரி பால்சனின் 'ஹாச்செட்' (1987) சாகசக் கிளையின் நல்ல தொடர்ச்சி. அங்கே சிறுவன் காட்டை வெல்வதில்லை, அதில் பொறுமை பழகுகிறான்.

அண்மைக் கிளையில் கருப்பின எழுத்தாளர்களின் பங்கு பெரிது. வால்டர் டீன் மையர்ஸ் தம் 'மான்ஸ்டர்' (1999) நூலில், கொலை வழக்கில் சிக்கிய பதினாறு வயதுச் சிறுவன் தன் விசாரணையைத் திரைக்கதையாக எழுதிப் பார்ப்பதைக் காட்டினார். ஜேசன் ரெனால்ட்ஸின் 'லாங் வே டவுன்' (2017) கவிதை நடையில் அமைந்தது. அண்ணன் சுட்டுக்கொல்லப்பட்டதால், அழாதே, காட்டிக்கொடுக்காதே, பழிவாங்கு என்ற தெருவின் மூன்று விதிகளோடும் இடுப்பில் துப்பாக்கியோடும் பதினைந்து வயது வில் மின்தூக்கியில் இறங்குகிறான். ஒவ்வொரு தளத்திலும் துப்பாக்கிக்குப் பலியான ஒருவர் ஏறிக்கொள்கிறார். அவர்களுள் அவன் தந்தையும் இருக்கிறார். அவன் பழிவாங்கினானா என்பதை நூல் சொல்லாமல் விடுகிறது.

இவ்விடத்தில் தமிழ் வாசகர்க்குப் பூமணியின் 'வெக்கை' (1982) நினைவுக்கு வராமல் இராது. அதன் நாயகன் சிதம்பரமும் பதினைந்து வயதினன். அண்ணனைக் கொன்றவனை வெட்டியபின் தகப்பனோடு காட்டில் தலைமறைவாகத் திரிகிறான். ரெனால்ட்ஸின் கதையில் பழிக்கு முந்தைய கணத்தில் இறந்த தந்தை வருகிறார். பூமணியின் கதையில் பழிக்குப் பிந்தைய நாட்களில் உயிருள்ள தந்தை உடன் நடந்து, சோறாக்கிப் போட்டு, மகனைப் பேணுகிறார். இளையோர் புதினம் என்ற பெயர்ப்பலகை இல்லாமலே தமிழில் எழுதப்பட்ட இந்நூல், மேற்கண்ட எந்தக் கிளையின் சிறந்த நூலோடும் ஒப்பவைக்கத் தக்கது.

இவ்வகை நூலை மதிப்பிட, பையன் தனக்கு வைக்கப்பட்ட தேர்வில் வென்றானா என்று பார்ப்பது போதாது. அத்தேர்வையே அவன் கேள்வி கேட்க நூல் இடந்தருகிறதா என்று பார்க்க வேண்டும். அவன் வளர்ச்சிக்கு விலை கொடுப்பவர் யார் என்பதும், பெண்களும் எளியோரும் அக்கதையில் தமக்கென வாழ்வு உடையவர்களாக வருகின்றனரா என்பதும் அடுத்து நோக்கத் தக்கவை. ஹென்டி இவை அனைத்திலும் தோற்கிறார். ஹியூஸ் ஆர்தரால் பாதி தப்புகிறார். ஹின்டனும் கார்மியரும் ரெனால்ட்ஸும் முதலாவதில் உறுதியாக நிற்கின்றனர், எனினும் பெண் பாத்திரங்களைப் பொறுத்தவரை மூவரும் இன்னும் செய்திருக்கலாம்.

'தி அவுட்சைடர்ஸ்', 'தி சாக்லேட் வார்', 'லாங் வே டவுன்' ஆகிய மூன்றும் நல்ல தமிழில் பெயர்க்கப்பட்டு, 'வெக்கை'யோடு ஒரே அடுக்கில் பள்ளி நூலகங்களில் இடம்பெற வேண்டும். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்க்கு நூல் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் உள்ளோர் இதைக் கருத்தில் கொள்வார்களாக.